விழுவதற்கு வைத்த மொய்

பம்புகளுக்கு இரும்பு உடல் வார்க்கும் ஊரின் கிழக்கு ஓரத்தில், பவுண்டரிகளின் கரிப்புகை இறங்கி வந்து துணிக்கொடிகளில் உட்காரும் இடத்தில், மோல்டர் சந்து என்று ஒரு சந்து உண்டு. ஒரு வீட்டின் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர் என்பதால், ஒரு வீட்டுக் குழந்தை தும்மினால் பக்கத்து வீட்டிலிருந்து ‘நூறாயுசு’ என்று குரல் வரும். அந்தச் சந்தின் கடைசி வீட்டு மருமகள் கோகிலவாணி, எல்லோருக்கும் கோகிலா. காலையில் வெறும் வயிற்றோடு காத்திருக்கும் சர்க்கரை நோயாளிகளின் வீடுகளுக்குப் போய், ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, நூற்றைம்பது சிசி வண்டியில் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுசேர்ப்பது அவள் வேலை.

அந்த வேலையில் அவள் கற்றுக்கொண்டதெல்லாம் எதிரே வருவதைப் பற்றித்தான். எதிரே பஸ் வரும், தண்ணீர் லாரி வரும், நாய் வரும், காரில் உட்கார்ந்திருப்பவர் திடீரென்று கதவைத் திறப்பார். அவளுடைய வலது கை விரல்கள் பிரேக்கை விட்டு நகர்ந்ததே இல்லை. படுத்துத் தூங்கும்போதுகூட அவை லேசாக மடங்கியே இருக்கும் என்று அவள் கணவன் மகுடேஸ்வரன் சொல்வான்.

ஊருக்கு வெளியே ஒரு பந்தயத் தடம் இருந்தது. அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்ய அவளை அனுப்பினார்கள். வெள்ளையும் சிவப்பும் மாறி மாறிப் பூசிய ஓரங்களோடு, சிக்குக் கோலத்தின் கம்பி போலச் சுழித்துச் சுழித்துத் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வரும் அந்தக் கறுப்பு ரோட்டைப் பார்த்துக்கொண்டே காவலாளியின் கையில் ஊசியைச் செலுத்தியவள், இதில் எதிரே வருகிறவர்கள் எந்தப் பக்கமாக வருவார்கள் என்று கேட்டாள்.

“இங்க எதுக்க யாரும் வரமாட்டாங்கம்மா” என்றார் அவர்.

அந்த ஒரு வார்த்தை அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியாட்கள் தங்கள் சொந்த வண்டியைக் கொண்டுவரலாம், காலையில் சொல்லிக் கொடுப்பார்கள், மதியம் தனியாக ஓட்டலாம் என்பதையும் அவள் கேட்டுத் தெரிந்துகொண்டாள். ரேஸா என்று மகுடேஸ்வரன் பயந்து கேட்டதற்கு, ரேஸ் இல்லை, யாரும் எதிரே வராத ரோட்டில் என் வண்டி எப்படிப் போகும் என்று ஒரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றாள்.

வண்டிக்கு ஆகும் செலவு கொஞ்சம்தான். கண்ணாடிகளைக் கழற்ற வேண்டும், விளக்குகள் உடைந்து சிதறாமலிருக்க டேப் ஒட்ட வேண்டும், பிரேக் கட்டை புதிதாக இருக்க வேண்டும், சங்கிலி தொய்யக் கூடாது, டயரில் பட்டன் தேயாமல் இருக்க வேண்டும். லேத்துப் பட்டறையில் வேலை செய்யும் மகுடேஸ்வரன், மிச்சம் கிடந்த நைலான் கட்டையில் இரண்டு முளைகளைக் கடைந்து, வண்டி சாய்ந்து விழுந்தால் இன்ஜின் தரையில் படாதபடி இரண்டு பக்கமும் முறுக்கிக் கொடுத்தான். செலவெல்லாம் உடம்புக்குத்தான். கழுத்திலிருந்து கணுக்கால்வரை தோல் உடை வேண்டும், மணிக்கட்டை மூடும் தோல் கையுறை வேண்டும், கணுக்காலை மூடும் பூட்ஸ் வேண்டும், தாடைவரை மூடும் ஹெல்மெட் வேண்டும். கடையில் அந்தத் தோல் உடைக்குச் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு, அவள் தன் வண்டியை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். வண்டியே அந்த விலைக்குப் போகாது.

அதனால் சந்து கொடுத்தது. பவுண்டரியில் உலைக்கு முன்னால் நிற்கும் வெள்ளிங்கிரி தன் தோல் கையுறைகளைக் கொடுத்தார். சீட் கவர் தைக்கும் பல்கீஸ் அக்கா, கார் இருக்கைகளுக்கு வெட்டிய தோலில் மிச்சம் வைத்திருந்ததை எடுத்து, கோகிலாவைச் சுவரோடு நிற்க வைத்து அளந்து, இரட்டைத் தையல் போட்டு ஒரு முழு உடையாகவே தைத்துவிட்டாள். தீயணைப்பு வண்டி ஓட்டும் சகாயராஜ், எதையும் கணக்காகச் செய்கிறவர் என்பதால், தன் பழைய பூட்ஸைக் கொடுத்துவிட்டு, சிறிதாக ஒரு வாடகையும் வாங்கிக்கொண்டார்.

ஹெல்மெட்டைக் கொடுத்தது நாச்சம்மாள். மகுடேஸ்வரனின் தாய், கோகிலாவின் மாமியார். போன தீபாவளிக்கு ஜவுளிக்கடைக் குலுக்கலில் கிரைண்டர் விழும் என்று காத்திருந்து, ஹெல்மெட் விழுந்த கோபத்தில், அதைப் பெட்டியோடு பீரோவின் மேல் ஏற்றி வைத்திருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து ‘எடு’, ‘வை’, ‘அடுப்பைப் பாரு’ என்பதற்கு மேல் மருமகளிடம் ஒரு சொல் பேசாதவள், ஒரு துணி எடுத்துக் கொடுக்காதவள், அன்று ஸ்டூல் போட்டு ஏறி, பெட்டியை இறக்கி, தூசியை முந்தானையால் துடைத்து நீட்டினாள். இந்தா என்றுகூடச் சொல்லவில்லை. கோகிலா அதை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போய், அங்கேயே தலையில் மாட்டிப் பார்த்தாள்.

விற்காமல் கிடந்த ஒரு மனைப் பிரிவில் நல்ல தார் ரோடுகள் வளைந்து வளைந்து கிடந்தன. ஞாயிறு காலைகளில் கோகிலா அங்கே போய்ப் பழகினாள். போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும், வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து முடித்துவிட வேண்டும், வளைவுக்குள் பிடிக்கவே கூடாது என்று தடத்தில் சொல்லியிருந்தார்கள். ஆனால் அவள் விரல்களுக்கு வேறு பாடம் பழக்கம். முதல் நாளே, வளைவுக்குள் சாய்ந்திருந்தபோது, எதிரே ஏதோ வருவதுபோலத் தோன்றி அவை தாமாக மடங்கின. வண்டி வழுக்கியது. அவள் இடது பக்கமாக விழுந்து, உள்ளங்கையும் இடுப்பும் தார் ரோட்டில் உரசிக்கொண்டே போய் நின்றாள்.

எழுந்து பார்த்தபோது கையுறை தேய்ந்திருந்தது, உடை தேய்ந்திருந்தது, ஆனால் அவள் கையில் ஒரு கீறல் இல்லை, இடுப்பில் ஒரு கீறல் இல்லை. இடது கணுக்கால் மட்டும் வீங்கத் தொடங்கியிருந்தது.

சந்தின் முனையில் வெள்ளிங்கிரி உள்ளங்கையில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு நின்றார்.

“ஏனம்மிணி, சித்த முந்தி விழுந்தியா?” என்று கேட்டார்.

டீ கிளாஸைக் கையில் வைத்திருந்தபோது உள்ளங்கைத் தோல் தானாக உரிந்ததாம். கிளாஸ் கீழே விழவில்லை, டீ சிந்தவில்லை, தோல் மட்டும் போய்விட்டது என்றார். பல்கீஸ் அக்காவுக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தபோது இடுப்பில் எரிந்திருக்கிறது. துணி கிழியவில்லை, உள்ளே தோல் மட்டும் சிராய்த்துப் போயிருந்தது. சகாயராஜ் இரண்டு கால்களும் நன்றாக இருக்க, தன் வீட்டு வாசலில் நின்று எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார்.

தண்ணீர்க் குழாயடியில் இதைப் பேசி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. இரவல் கொடுத்த குடையில் கம்பி வளைந்தால் நட்டம் கொடுத்தவனுக்குத்தானே, அதுபோல இதுவும் கொடுத்தவர்களைச் சேர்ந்திருக்கிறது என்றார்கள். சகாயராஜ் வாடகை வாங்கிவிட்டார், அதனால் அந்த பூட்ஸுக்கு உரியவள் கோகிலாவே ஆகிவிட்டாள், வீங்கியதும் அவள் காலே. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது என்றுவிட்டு அவரவர் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். அன்று சாயந்திரமே சகாயராஜ் முகம் சிவக்க வந்து, வாங்கிய வாடகையைத் திருப்பிக் கோகிலாவின் கையில் வைத்து, இனி இது வாடகை இல்லையம்மா என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

கோகிலா எல்லாவற்றையும் துடைத்து மடித்து, அவரவரிடம் திருப்பிக் கொடுக்க ஒவ்வொரு வாசலாக ஏறினாள். யாரும் வாங்கவில்லை. “இரும்பு சுடாத நாள் இருக்குதா எனக்கு?” என்றார் வெள்ளிங்கிரி. “இதாச்சும் ஒரு காரணத்தோட வந்த காயம். கொண்டு போ.”

அந்தச் சந்தில் கல்யாணமோ காதுகுத்தோ எதுவானாலும் எல்லோரும் எல்லோருக்கும் மொய் வைப்பார்கள். வைத்த மொய் ஒரு நாள் திரும்பி வரும். கொடுத்த மொய்யை வேண்டாம் என்றவரோடு பேச்சு நின்றுபோகும். ஆகவே இரண்டு பேர் மட்டும் ஒரு முழுச் சிராய்ப்பையும் சுமப்பது மற்ற வீடுகளுக்குப் பொறுக்கவில்லை, நாங்கள் என்ன செத்தா போனோம் என்று கேட்டார்கள். பல்கீஸ் அக்கா உடையைத் தையல் தையலாகப் பிரித்தாள். வீட்டுக்கு ஒரு துண்டு தோல் வந்தது. பழைய பெல்ட் வந்தது, கைப்பை வந்தது, மணிபர்ஸ் வந்தது, கிழிந்த கிரிக்கெட் பேடு வந்தது, ஆபீஸ் ஷூவின் மேல்பாகம் வந்தது, தப்பட்டை அடிக்கிறவர் வீட்டிலிருந்து மாற்றி எறிந்த தோல் வந்தது. எல்லாவற்றையும் ஊற வைத்து, அடித்துச் சமப்படுத்தி, ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி வைத்துத் தைத்தாள். எந்தத் துண்டு யார் வீட்டுத் துண்டு என்பது அவளுக்கு மனப்பாடம். இனி விழுந்தால் ஒரு வீட்டுக்கு ஒரு காசு அகலச் சிராய்ப்புதான் வரும், அதைத் தேங்காய் எண்ணெய் ஆற்றிவிடும்.

உட்காரும் இடத்துத் துண்டை மட்டும் யாரும் தங்களுடையதாக இருக்க விரும்பவில்லை. வரிசை வீடுகளுக்குச் சொந்தக்காரரான திருமலைசாமி, மொய் வைக்காமலிருந்தால் பெயர் கெட்டுவிடும் என்று கடைசி ஆளாக ஒரு கறுப்புத் தோல்பையைக் கொண்டுவந்து கொடுத்தார். பல்கீஸ் அக்கா அதை எங்கே தைத்தாள் என்பதை அவரிடம் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு கோயில் கமிட்டிக் கூட்டத்தில் அவர் பேசிக்கொண்டே இருந்தவர் சட்டென்று எழுந்து நின்றார், கூட்டம் முடியும்வரை உட்காரவே இல்லை.

இப்படியாக அந்த அதிசயம் சந்தின் வழக்கமாயிற்று. ஞாயிறு காலை கோகிலா வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டால் ஆண்கள் முகச்சவரக் கத்தியைக் கீழே வைப்பார்கள், பெண்கள் எண்ணெய்ச் சட்டியை இறக்குவார்கள், இடுப்பில் இருக்கும் குழந்தையைப் பாயில் விடுவார்கள். வண்டி திரும்பி வரும் சத்தம் கேட்டதும் அவரவர் கை காலைத் தடவிப் பார்த்துக்கொண்டு, விட்ட வேலையைத் தொடர்வார்கள். சிராய்ப்பு வந்தவர்கள் அடுத்த வீட்டுக்காரரிடம் காட்டுவார்கள். வராதவர்கள் இந்த வாரம் நமக்கு இல்லை போல என்பார்கள்.

சந்துக்கு நிம்மதி வந்தது, கோகிலாவுக்கு இருந்த நிம்மதியும் போனது. முன்பு தன் உடம்புக்காக மட்டும் பயந்தாள், அந்தப் பயம் அவள் உடம்பின் அளவுதான் இருந்தது. இப்போது அது ஒரு சந்தின் அளவுக்கு நீண்டுவிட்டது. அதிலும், எந்தத் துண்டாலும் பங்குபோட முடியாத ஓர் இடம் இருந்தது. தோலை வெட்டலாம், தைக்கலாம். ஹெல்மெட்டை வெட்ட முடியாது. அது இதுவரை தரையில் ஒரு முறைகூடப் படவில்லை. பட்டால் அந்த அடி நாச்சம்மாளின் தலையில் முழுசாக இறங்கும். அப்போது அவள் அடுப்பின் முன் இருப்பாளோ, படியில் இருப்பாளோ, கிணற்றடியில் இருப்பாளோ. ரத்தம் எடுக்கப் போகும் வீடுகளில் கோகிலாவுக்கு இந்த நினைப்பு வரும், ஊசி பிடித்த கை ஒரு கணம் நிற்கும், படுத்திருப்பவர் என்னம்மா என்று கேட்பார்.

ஹெல்மெட் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தால், இத்தனை வருஷத்தில் அந்தக் கை நீட்டிய ஒரே பொருளைத் தட்டிவிட்டவளாவாள். வாங்கிக்கொண்டு போனால், அந்தத் தலையைப் பணயம் வைத்தவளாவாள். புதிதாக ஒன்று வாங்கப் பணம் இல்லை. அவள் ஒரு வழி யோசித்தாள். சம்பளம் வந்த அன்று மாமியாருக்கு ஒரு நூல் புடவை எடுத்து வந்து, எதற்கென்று சொல்லாமல் கொடுத்தாள்.

நாச்சம்மாள் புடவையைப் பிரிக்கவில்லை. கவரைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், எல்லாம் புரிந்துகொண்டாள்.

“எனக்கு வாடகை குடுக்கறயா?”

“அப்படி இல்லீங்க அத்தை…”

“என்ற தலைக்கு என்ன கொறச்சல்? ஊர்ல இருக்கறவன் முட்டியும் முதுகும் உனக்கு ஆகும், என்ற தலை ஆகாதா?”

புடவை கடைக்கே திரும்பிப் போயிற்று. அதற்குப் பிறகு கோகிலா பழகப் போகும் ஞாயிறுகளில் நாச்சம்மாள் கூடத்தில் பாய் விரித்து, தலைக்கு இரண்டு பக்கமும் தலையணைகளை அணைத்துக்கொண்டு, விட்டத்தைப் பார்த்தபடி படுத்துக் கிடப்பாள் என்று மகுடேஸ்வரன் சொன்னான். கூப்பிட்டால் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்புவாளாம்.

தடத்துக்குப் போக வேண்டிய ஞாயிறும் வந்தது. கோகிலா வண்டியை ஓட்ட, தோல் உடையை அரிசிச் சாக்கில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு மகுடேஸ்வரன் பின்னால் உட்கார்ந்து போனான். அவர்கள் கிளம்பும்போது சந்தில் ஒரு வாசலிலும் ஆள் இல்லை, எல்லோரும் உள்ளே பாய் விரித்திருந்தார்கள். தடத்தில் உடையைச் சோதித்தவர் அந்தத் துண்டுகளைப் பார்த்து இது என்னங்க என்று கேட்டார். மொய் என்றான் மகுடேஸ்வரன். அவர் சிரித்தார், பிறகு ஒவ்வொரு தையலாக இழுத்து இழுத்துப் பார்த்தார், எதுவும் விடவில்லை, சரி என்று அனுப்பினார்.

காலைப் பயிற்சியில் கோகிலா நேர்ரோட்டில் போனாள், வளைவில் நின்றேவிட்டாள். பார்வை வளைவின் முடிவுக்குப் போகாமல் முன்சக்கரத்தின் அடியிலேயே கிடந்தது. பின்னால் வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. பயிற்சியாளர், பொறுமையான இளைஞர், அவளைத் தனியாக ஓரத்துக்கு அழைத்தார்.

“அக்கா, நீங்க யாரையோ பின்னாடி உட்கார வெச்சு ஓட்டுற மாதிரியே ஓட்டுறீங்க. இப்படி ஓட்டினா மெதுவாப் போனாலும் விழுவீங்க.”

அவர் சொன்னது உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது. விழக் கூடாது என்று இறுகிய கைதான் அவளை விழவைக்கப் போகிறது. அவளிடம் மதியம் இரண்டு தடவை ஓட்டுவதற்கான பணம் இருந்தது, சாப்பாட்டைக்கூட வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்து மிச்சம் பிடித்த பணம். தடத்தின் ஓரத்தில் ஒரு ஜன்னலில் ஹெல்மெட்டுகளை வாடகைக்கு வைத்திருந்தார்கள். அவள் எலுமிச்சைச் சாதத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போய், ஒரு தடவைக்கான பணத்தை அந்த ஜன்னலில் கொடுத்தாள்.

அம்மாவிடம் என்ன சொல்வது என்று மகுடேஸ்வரன் கேட்டான். சொல்ல வேண்டாம் என்றாள். நாச்சம்மாளின் ஹெல்மெட்டைத் துண்டில் சுற்றி அவன் மடியில் வைத்தாள். அவன் அதைக் காய்ச்சல்காரரின் தலையைத் தாங்குவதுபோல இரண்டு கைகளாலும் தாங்கிக்கொண்டான்.

பிறகு அவள் ஓட்டினாள். அவள் தலை அவளுடையதாக இருந்தது, அதனால் அவளால் அதைத் திருப்ப முடிந்தது. வளைவின் முடிவைப் பார்த்தாள், வண்டி அங்கே போயிற்று. அதற்கடுத்த வளைவின் முடிவைப் பார்த்தாள், வண்டி அங்கேயும் போயிற்று. பிரேக்கின் மேல் எப்போதும் மடங்கியே கிடந்த விரல்கள் ஒவ்வொன்றாக விலகிக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டன. பஸ் வரவில்லை, தண்ணீர் லாரி வரவில்லை, நாய் வரவில்லை, யாரும் எந்தக் கதவையும் திறக்கவில்லை. ரோடு வந்தது, ரோட்டுக்குப் பின்னால் ரோடே வந்தது. முழங்காலுக்கு அடியில் சிவப்பும் வெள்ளையும் கலந்து ஒரே நிறமாக ஓடியது. சந்து முழுவதும் பாயில் படுத்திருப்பது நினைவில் இருந்தும், அந்தச் சில நிமிஷங்களுக்கு மட்டும் அது பாரமாக இல்லை.

கடைசிக்கு முந்தைய வளைவில் டயர் ஓரத்து மணலில் ஏறியது. வண்டி அடியிலிருந்து நழுவிப்போக, அவள் முதுகிலும் தோளிலும் சறுக்கிக்கொண்டே போனாள், கடைசியில் தலை தரையில் மோதி ஒரு சத்தம் கேட்டது. தலைக்குள் மணி அடித்தது. நெற்றி ஓரம் விண் என்று தெறித்தது. கணுக்கால் வீங்கிய முதல் நாளுக்குப் பிறகு எத்தனை முறை விழுந்தும் வராமலிருந்த வலி, அவளுடைய சொந்த வலி, வந்து சேர்ந்தது. ஓடி வந்தவர்கள் கைகால்களை அசைக்கச் சொன்னார்கள். தடத்து டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்து, சாயந்திரம்வரை உட்கார வைத்து, இனி வண்டியைத் தொடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். வளைந்த கைப்பிடியோடு மகுடேஸ்வரன் மெல்ல மெல்ல ஓட்டி வந்தான்.

சந்து வாசல்களில் கூடி நின்றது. எல்லோரும் தங்கள் பங்கைக் காட்டினார்கள். முதுகில் ஒருவருக்கு, தோளில் ஒருவருக்கு, முழங்கையில் ஒருவருக்கு, எல்லாம் காசு அகலம், சிலருக்கு அதற்கும் சின்னது. என்னுடையதுதான் பெரிது என்று இரண்டு பேர் பந்தயம் கட்டி அளந்துகொண்டிருந்தார்கள். திருமலைசாமி மட்டும் தனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றார். எல்லாத் தலையும் வண்டியின் பக்கம் திரும்பியபோது, அரிசிச் சாக்கின் மேல் துண்டு விலகிக் கிடந்த ஹெல்மெட்டில் ஒரு கீறல்கூட இல்லாததையும், கோகிலாவின் நெற்றியில் எலுமிச்சை அளவுக்கு வீங்கியிருந்ததையும் ஒன்றாகப் பார்த்தார்கள். அளந்துகொண்டிருந்தவர்கள் கையை இறக்கினார்கள்.

நாச்சம்மாள் கடைசி வீட்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து தலையணைகளுக்கு நடுவே கிடந்ததில் கொண்டை கலைந்திருந்தது. பக்கத்தில், தன் தலைக்கு ஒத்தடம் கொடுக்க அவளே கட்டி வைத்திருந்த உப்பு முடிச்சு ஆறிப்போய்க் கிடந்தது.

“சந்துல எல்லாத்துக்கும் பங்கு இருக்குது” என்றாள். “எனக்கு மட்டுந்தான் இல்லை.”

உள்ளே போய், ஸ்டூலைப் போட்டு, ஹெல்மெட்டைப் பெட்டியில் வைத்துப் பீரோவின் மேல் ஏற்றினாள். அதோடு ‘எடு’வும் ‘வை’யும்கூட நின்றுபோயின. சோறு தட்டில் விழும், குழம்பு விழும், சொல் விழாது. உங்கள் தலையைக் கொண்டு போக எனக்குப் பயமாக இருந்தது என்று கோகிலா அடுப்படியில் நின்று சொல்லிப் பார்த்தாள். நாச்சம்மாள் பாத்திரம் கழுவும் தண்ணீரைச் சத்தமாகத் திறந்துவிட்டாள். கோகிலா செய்ததில் தப்பென்ன என்று குழாயடியில் ஒருத்தி கேட்டதற்கு, தப்பில்லைதான், ஆனால் மொய்யை வேண்டாமென்று சொல்லியிருக்கிறாளே என்று மற்றவர்கள் மெல்லச் சொன்னார்கள்.

“நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சே புள்ள” என்றாள் பல்கீஸ் அக்கா. “அவங்களுக்கு அது நல்லதா இருக்கணுமில்ல?”

நெற்றி வீக்கம் வடிந்து மஞ்சளாக மாறிய வாரத்தில், நாச்சம்மாளின் கடைவாய்ப் பல் சீழ் பிடித்துக்கொண்டது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் கிடந்தாள். பிறகு மகுடேஸ்வரன் கண்டுபிடித்து, பல் டாக்டரிடம் காட்டி, வியாழக்கிழமை காலை பிடுங்குவது என்று முடிவாயிற்று. வியாழக்கிழமை கோகிலா வேலைக்குக் கிளம்பும்போது நாச்சம்மாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்து உட்கார்ந்திருந்தாள். கோகிலா தன் பருத்தித் துப்பட்டாவைத் துவைத்து மடித்து எடுத்து வந்து, மாமியாரின் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“வெளியில காத்தடிக்குமுங்க அத்தை. கன்னத்தோட சேத்துக் கட்டிக்கங்க. இதுக்கு வாடகை எதுவும் இல்லீங்க.”

நாச்சம்மாள் திரும்பவில்லை. துப்பட்டா வைத்த இடத்திலேயே இருந்தது. அதை எடுப்பாளா, காலால் ஒதுக்குவாளா என்று பார்க்க நேரமில்லை, வெறும் வயிற்றோடு ஆட்கள் காத்திருந்தார்கள். கோகிலா வண்டியைக் கிளப்பினாள்.

அத்தை அதைக் கட்டிக்கொண்டால் வலி தனக்குத்தானே வர வேண்டும் என்று, முதல் வீட்டில் ரத்தம் எடுக்கும்போது கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. மகுடேஸ்வரன் அம்மாவை ஏற்றிக்கொண்டு போயிருப்பான், இப்போது நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள் என்று கணக்குப் போட்டாள். ஒன்றும் இல்லை. வேலை நடுவே ஒரு புங்கமரத்தடியில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கடைவாயை நாக்கால் துழாவிக்கொண்டு காத்திருந்தாள். பஸ்கள் போயின, லாரிகள் போயின. ஒன்றும் வரவில்லை. துப்பட்டா வைத்த இடத்திலேயே கிடக்கிறது என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது. அப்போதுதான், மரத்துப்போகும் ஊசி போட்டுத்தானே பிடுங்குவார்கள், அது இறங்கிய பிறகுதானே வலிக்கும் என்று, இத்தனை வருஷம் ஊசியோடு பழகியும் தோன்றாதது தோன்றிற்று. தோன்றியும் நிம்மதி வரவில்லை. இன்னும் காத்திருக்க வேண்டும் என்று மட்டுமே ஆயிற்று.

மதியம் பரிசோதனை நிலையத்தின் பின்கட்டில் மற்றப் பெண்களோடு சாப்பிட உட்கார்ந்து, தயிர்ச் சாதத்தில் முதல் கவளத்தை எடுத்தபோது, இடது கடைவாயில் ஏதோ மெல்ல விழித்துக்கொள்வதுபோல இருந்தது. கவளத்தைத் திரும்ப வைத்தாள். அது துடித்தது, பிறகு இழுத்தது, பிறகு தாடையிலிருந்து காது வரைக்கும் வேர்விட்டு ஏறியது. பல்லே இல்லாத ஒரு குழியின் வலி, தன் பற்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கிற வாய்க்குள். அவள் இரண்டு கைகளாலும் கன்னத்தைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது.

பக்கத்தில் இருந்தவள் பதறிப்போய், தன் பையிலிருந்து வலி மாத்திரை ஒன்றை எடுத்து, தண்ணீர் பாட்டிலையும் திறந்து நீட்டினாள்.

“வேண்டாமுங்க” என்றாள் கோகிலா. “இருக்கட்டும், சித்த நேரம் இருக்கட்டும்.”